பாசித் தொட்டியில் நாங்கள் ஏன் நடக்கிறோம்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஐந்தும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கின்றன. பாசித் தொட்டி வேலைக்கு நான் போனபோது, இந்த வயதில் இவளுக்கு எதற்குப் புது வேலை என்று கேட்டவர்கள் உண்டு. ஐந்தை வளர்த்தவளுக்குப் பாசி வளர்க்க வராதா என்று நானும் கேட்டேன்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எழுத்து என்னோடு ஒட்டவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் மற்றவர்கள் பேசியதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவரவர் வாய் அவரவருடையது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, போன ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். பழைய ஆட்களான நாங்கள் சேலையை ஏற்றிக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி நடந்ததைப் பார்த்து உங்களில் ஒருத்தி கேட்டாள், "அப்பத்தா, இது என்ன வேண்டுதலா?" என்று. இன்னொருத்தி அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது மூச்சு வாங்கியது, பதில் சொல்லவில்லை. இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரான புதுவயலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அரிசி மில்தான். நானும் ஒரு மில்லில் களத்து வேலை பார்த்தவள். நெல்லை ஊறப்போட்டு, அவித்து, களத்தில் காயவைத்து, பிறகு அரைப்பார்கள். நெல் ஊறிய தண்ணீர் இருக்கிறதே, அது புளித்துப்போய் ஒரு நாற்றம் நாறும். முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. எருமைகூட அதில் வாய் வைக்காது. கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாய்க்காலில் கருவேல முள்ளையும் கல்லையும் போட்டு அடைத்துவிட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள். இன்னொரு தரம் இந்தத் தண்ணீர் கண்மாயில் விழுந்தால் மில்லுக்குப் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் மில்லுக்குப் பின்னால் கிடந்த புஞ்சையில் ஒரு கம்பெனி பாசித் தொட்டி கட்டியது. மில்லின் ஊறல் தண்ணீர் அதற்குள் வரும். கரண்டில் ஓடும் ஒரு சக்கரம் அதை ஓயாமல் சுற்றிவிடும். உமி எரிக்கும் கொதிகலனின் புகையையும் ஒரு குழாய் வழியாக அந்தத் தண்ணீருக்குள் விடுவார்கள். பாசி அழுக்கையும் புகையையும் வெயிலையும் தின்று வளரும். அதை வடித்துக் காயவைத்து எண்ணெய் எடுப்பது, மிஞ்சிய சக்கை மாட்டுக்கும் மீனுக்கும் தீவனமாகப் போவது, தெளிந்த தண்ணீர் தென்னைக்குப் பாய்வது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேலாளர் மேடம். வயதில் எனக்குப் பாதி இருப்பார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே மேடம் என்றே இருக்கட்டும். முதல் வாரத்திலேயே நான் அவரிடம், "பாசி பொகையத் திங்கும்னு சொல்லுறீக. வாய் எங்க இருக்கு அதுக்கு?" என்று கேட்டேன்.

என்னோடு மில்லிலிருந்து வந்த செபஸ்தியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ ராக்கு, பல்லு வெளக்குதான்னும் கேட்டுக்க" என்றாள்.

மேடம் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடிப் பெட்டியை வெளியே கொண்டுவந்து, ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீரை அதற்கடியில் வைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் என் இமை மயிரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்தது. பச்சை மணிகள். கேழ்வரகைக் கொட்டிப் பச்சைச் சாயம் ஏற்றின மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம்.

"அசையுதே மேடம்!"

"அது தண்ணி அசையுதுக்கா. இதுக்கு வாயும் இல்ல, காலும் இல்ல. உடம்பு பூராவும் உறிஞ்சிக்கிரும். வெயில் இருக்கிற எடத்துக்குத் தானா நடந்து வரத் தெரியாது. நாம தண்ணியச் சுத்திவிட்டாத்தான் மேல வரும்."

"அப்ப அதுக்குக் காலு?"

"நம்ம சக்கரந்தான் காலு."

இந்த ஒரு பேச்சை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு நடந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது.

முதல் எண்ணெயைச் சின்னப் பாட்டிலில் பிடித்து வைத்தபோது ஊரே பார்க்க வந்தது. செபஸ்தி மோந்து பார்த்துவிட்டு, "கருவாட்டுக் கொழம்புதான், சோத்தப் போடுங்க" என்றாள். காருக்கு ஊற்றலாமாமே, இனி பெட்ரோலே வேண்டாமாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மேடம் மழுப்பவில்லை. "ஊத்தலாம். ஆனா இன்னைக்கு நெலமைக்கு டீசலைவிட இதுக்குச் செலவு சாஸ்தி. மில்லு ஜெனரேட்டருக்குக் கலந்து ஊத்துவோம். எண்ணெய மட்டும் நம்புனா இந்தத் தொட்டி ஓடாது. தண்ணி சுத்தமாகணும், தீவனமும் விக்கணும், எண்ணெயும் வரணும். மூணும் சேந்தாத்தான்" என்றார். வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கோ அன்றைக்குத்தான் இந்த வேலைமேல் நம்பிக்கை வந்தது. உங்களிடமும் ஆட்கள் வந்து கேட்பார்கள். இருப்பதைச் சொல்லுங்கள்.

இனி இந்த நடை தொடங்கிய ஆயுத பூஜைக்கு வருகிறேன். தொட்டி வந்த பிறகு எங்களுக்கு அதுதான் முதல் பூஜை.

மில்லில் அன்றைக்கு எல்லா இயந்திரங்களையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைப்பார்கள். மேஸ்திரி கருப்பையா கற்பூரம் காட்டிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். மறுநாள் காலை நல்ல நேரம் வந்து மறுபூஜை போடும்வரை ஒருவரும் ஒரு கருவியைத் தொடக் கூடாது. வருஷம் பூராவும் உழைத்த பொருளுக்கு அது ஓய்வு. மலேசியாவில் சம்பாதித்து வந்து மில் வைத்த முதலாளி பாய் பூஜையில் உட்கார மாட்டார். ஆனால் ஓரமாக நின்று எல்லோருக்கும் தன் கையால் பொரியும் இனிப்பும் கொடுப்பார். அன்றைக்கு லாரி வந்து வாசலில் நின்றாலும் மில்லை ஓட்டச் சொல்ல மாட்டார்.

நாங்களும் மில்லில் இருந்து வந்தவர்கள்தானே? தொட்டிச் சக்கரத்தைத் தேய்த்துக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டோம். வடிகட்டும் துணிச் சட்டங்கள், தள்ளும் பலகைகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தோம். சக்கரத்துக்குச் சந்தனம் வைத்தது மேடமேதான். "எப்ப வரைக்கும் நிக்கும்?" என்று கேட்டார். காலையில் ஓடிவிடும் என்றோம். "சரி, ஒரு ராத்திரிதானே" என்றார். தொட்டிக்கும் மில்லுக்கும் அப்போது ஒரே மின்சார லைன். கருப்பையா சுவிட்சை இறக்கினார். சக்கரம் நின்றது. எல்லோரும் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விடிந்ததும் செபஸ்தி என் வாசலில் நின்று கத்தினாள். அவள் மாதா கோயிலுக்குப் போகிற வழியில் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ராக்கு, எந்திரிச்சு வாடி! தொட்டி நாறுது!"

போய்ப் பார்த்தேன். பெரிய தொட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. பச்சையைக் காணோம். யாரோ ராத்திரியில் பாசியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து கையை விட்டால், அடியில் மாவு மாதிரி வழுவழுவென்று படிந்திருந்தது. சக்கரம் இருக்கும் மூலையில் தண்ணீர் பழுப்பாகி, குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. அழுகின முட்டை நாற்றம்.

மேடம் காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மூலைத் தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் இருக்கும் சின்னத் தொட்டிக்கு ஓடினார். அதை நாங்கள் நாற்றங்கால் என்போம். பெரிய தொட்டிக்கான விதைப்பாசி அதில்தான் வளரும். அதுவும் அடியில் படிந்திருந்தது, ஆனால் நாற்றம் இல்லை.

"கருப்பையாண்ணே, சுவிட்சப் போடுங்க" என்றார்.

கருப்பையா நகரவில்லை. "நல்ல நேரம் இன்னும் வரலே மேடம். மறுபூஜை போடாம நான் கை வைக்க மாட்டேன்."

"அண்ணே, பாசி செத்துக்கிட்டு இருக்கு."

"இருக்கட்டும். என் தம்பி வெரலு போனது இதே மாதிரி பூஜைக்கு முந்தி பெல்ட்ட ஓட்டுன அன்னைக்குத்தான். நீங்க அதப் பாக்கல, நான் பாத்தேன்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பாயும் வந்துவிட்டார். அவர் கருப்பையாவிடம் மெதுவாகக் கேட்டார், "மேஸ்திரி, இன்னைக்கு நெல்லு ஊறப் போடுறோம். அந்தத் தண்ணி நாளைக்கு வெளிய வரும். பாசி இல்லேன்னா அது எங்குட்டுப் போகும்?"

கண்மாய்க்குத்தான் போகும். போனால் மில்லுக்குப் பூட்டு. அங்கே நின்ற அத்தனை பேர் வீட்டு உலையும் அந்த மில்லில்தான் கொதிக்கிறது. என் மருமகளும் அந்தக் களத்தில்தான் வேலை பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க பாய், மேஸ்திரி போட்டுருவாரு" என்றார் மேடம்.

பாய் தலையை ஆட்டினார். "நான் சொன்னா போட்டுருவாருமா. நாளப்பின்ன எவனுக்காச்சும் கை வெட்டுப்பட்டா, அல்லா காப்பாத்தணும், அன்னையிலருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒறக்கம் வராது."

போடு என்று ஒரு கூட்டமும், போடாதே என்று ஒரு கூட்டமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மேடம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் ஒரு ஆள் வாயைத் திறக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு ஒரு சந்தேகம். அதைக் கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மேடம், சுவிட்சப் போட்டா எல்லாஞ் சரியாப் போயிருமா?"

நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான்க்கா யோசிக்கிறேன். கீழ கொஞ்சம் அழுகிருச்சு. சக்கரம் சுத்துனா அது ஒரேயடியா மேல கெளம்பும். நல்லா இருக்கிற பாசியும் மூச்சுமுட்டிச் செத்துரும். சக்கரத்துக்கு மெல்லமாச் சுத்தத் தெரியாது."

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இவ்வளவு நேரமாக எல்லோரும் எந்தச் சுவிட்சுக்காக மல்லுக்கு நின்றார்களோ, அதைப் போட்டாலே கேடு வந்திருக்கும். சண்டை சூடாக இருக்கும்போது, சண்டை எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பதறுகிற நேரத்தில் முதலில் இதைக் கேளுங்கள்: நாம் பிடித்து இழுக்கிற கயிற்றின் அந்த முனையில் மாடு இருக்கிறதா?

"மெல்லத் தள்ளுனாப் போதுமா? பலகைய வச்சுத் தள்ளலாமே" என்றேன்.

"பலகையும் பூஜையிலதான் இருக்கு" என்றார் கருப்பையா.

"எனக்கென்ன பூசை? நான் எடுக்குறேன்" என்று செபஸ்தி முன்னால் வந்தாள்.

"நீ வேற சாமி கும்பிடலாம். பலகை எங்க சாமிக்கு வச்சது" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் சொருகினேன். "சரிய்யா மேஸ்திரி, காலுக்கு யாரு சந்தனம் வச்சா?"

முதலில் சிரித்தது கருப்பையாதான். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே கூட்டமாகிவிட்டது.

களத்தில் நாங்கள் நெல்லைக் காலால்தான் துழாவுவோம். பாதத்தைத் தூக்காமல், இழுத்து இழுத்து நடந்தால் நெல் இரண்டு பக்கமும் புரளும், அடி நெல் மேலே வரும். அந்த நடையைத் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் பெரிய தொட்டிக்குள் பாயப் போனபோது மேடம் கையை நீட்டி மறித்தார்.

"மொதல்ல நாத்தங்கால்."

"பெரிசுதான மேடம் நாறுது?" என்றேன்.

"பெரிசு போனாத் திரும்ப வெதைக்கலாம்க்கா. நாத்தங்கால் போயிட்டா எதை வெதைக்கிறது?"

அழுகிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே விட்டுவிட்டு, இன்னும் நாறாத ஒன்றின் பக்கம் போவதற்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் போனோம். செபஸ்தியும் இன்னொருத்தியும் நாற்றங்காலில் கைகளால் அளைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இளம்பச்சையாக மேலே வந்தது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு மேடம் எங்களைப் பெரிய தொட்டிக்குத் திருப்பினார். அழுகின மூலையை மண் நிரப்பிய நெல் சாக்குகளால் அணைகட்டித் தனியே பிரித்தோம். பிறகு மற்றப் பகுதியில் இறங்கினோம்.

என் குதிகாலுக்குப் பின்னால் பச்சை கிளம்பி வந்ததை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அடியிலிருந்து புகை மாதிரிச் சுருண்டு வந்து, வெயிலைத் தொட்டதும் விரிந்தது. அந்தச் சின்ன மணிகளுக்குக் கால் கிடையாது என்று மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. இன்றைக்கு என் கால்தான் அதற்குக் கால்.

பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கிவிட்டார். அவர் நடையைப் பார்த்துவிட்டு நாற்றங்காலிலிருந்து செபஸ்தி சத்தம் போட்டாள்: "மொதலாளி, மலேசியாவுல பூட்ஸ் போட்டு நடந்த மாதிரி நடக்காதீக! கால இழுத்து வைங்க, இழுத்து!"

"எனக்கே வேலை சொல்லுறியா?"

"தொட்டிக்குள்ள எறங்கிட்டா எல்லாரும் கூலியாளுதான்!"

நல்ல நேரம் வந்தது. கருப்பையா மறுபூஜை போட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு ஓடிவந்து, "இப்பப் போடவா மேடம்?" என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றார் மேடம்.

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்து போட மாட்டேன் என்றவரை இப்போது போடாதே என்றால் என்ன செய்வார்? பேசாமல் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய், யாரும் கிட்டே போகக் கூசிய அந்த அழுகின மூலையில் இறங்கி, அள்ளி அள்ளித் தென்னங்கன்றுக்கு ஊற்ற ஆரம்பித்தார். அந்த மூலை சுத்தமான பிறகுதான் மேடம் சக்கரத்தைச் சற்று ஓட்டி, நிறுத்தி, தண்ணீரைப் பார்த்து, மறுபடி ஓட்டினார்.

எல்லாம் பிழைத்துவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். பெரிய தொட்டி சீக்காளி மாதிரி மஞ்சள் பூத்துக் கிடந்தது. அந்த மாதம் எண்ணெய் எடுக்கவில்லை. பாய் ஊறல் தொட்டிகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நெல் போட்டார். களத்து ஆட்களுக்கு வேலை குறைந்தது. என் மருமகள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் மேடம் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். உடைந்த மணிகள் குறைந்து, முழு மணிகள் கூடிவருவதை நானே என் கண்ணால் பார்த்தேன். நாற்றங்கால் பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதில் பெரிய தொட்டி மறுபடி கரும்பச்சை ஆனது. வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. மில் பூட்டப்படவில்லை.

கம்பெனியின் பெரியவர்கள் வந்து யார் சக்கரத்தை நிறுத்தியது என்று கேட்டார்கள். மேஸ்திரியைக் கைகாட்ட எத்தனை நேரம் ஆகும்? மேடம், "நான் சம்மதிச்சுத்தான் நின்னுச்சு. ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சேன். பாசிக்கு ஒரு ராத்திரி எவ்வளவு பெரிசுன்னு நான் கணக்குப் பண்ணல" என்று சொன்னார். கருப்பையா அந்தப் பக்கம் திரும்பி மாவிலையைச் சரிசெய்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் தொட்டியில் பூஜையே வேண்டாம் என்று மேடம் சொல்லிவிடுவார் என எல்லோரும் நினைத்தோம். அவரோ பூஜைக்கு முன்பே கருப்பையாவைக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு வழி சொல்லுங்கண்ணே" என்றார்.

கருப்பையா நன்றாக யோசித்துவிட்டு வந்தார். "தொட்டிக்குத் தனி லைன் இழுத்துருவோம். சக்கரத்தக் கற்பூரம் எரியிற மட்டும் நிப்பாட்டுறேன். அணைஞ்சதும் போட்டுருவேன். அவ்வளவு ஓய்வு போதும்னு சாமிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அந்த நேரத்துக்குப் பாசி?" என்று மேடம் கேட்டார்.

கருப்பையா என் காலைப் பார்த்தார். "அதான் இருக்கே, சந்தனம் வைக்காத காலு."

இதுதான் நீங்கள் பார்த்த நடை. வேண்டுதல் இல்லை. கற்பூரம் எரிகிற நேரத்துக்குச் சக்கரம் ஓய்வெடுக்கும், அதுவரைக்கும் நாங்கள் சக்கரம். கற்பூரம் எரிகிற நேரத்தில் பாசி செத்துவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நின்றால் யார் சுற்றுவது என்ற கேள்வி வருஷத்துக்கு ஒரு தரமாவது எல்லோர் காலிலும் பட வேண்டும்.

புதுத் தொட்டிக்கு மெல்லிசாகப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறார்களாம், கால் பட்டால் கிழியுமாம், ஆகவே இந்த வருஷம் நடை வேண்டாம் என்று பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். கிழியும் என்றால் விட்டுவிடுங்கள். நான் சண்டைக்கு வர மாட்டேன். விடுவதற்கு முன் உங்களுக்குள் ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: மின்சாரம் நின்றால், மோட்டார் எரிந்தால், அன்றைக்கு அந்தத் தொட்டிக்குக் கால் எது? பதில் கைவசம் இருந்தால் தாராளமாக நிறுத்துங்கள். இல்லையென்றால் பழைய தொட்டி இருக்கிறது. விரிப்பு இல்லாத தொட்டி. அதில் இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள். பாதத்தைத் தூக்கக் கூடாது, இழுக்க வேண்டும்.

அவ்வளவுதான். எழுதிவிட்டாயா தாயி? எங்கே, முதலிலிருந்து வாசி. கருப்பையா சிரித்ததை விட்டிருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

என்ன பார்க்கிறாய்? முட்டி வலியோடு இந்த வருஷமும் இறங்கப் போகிறாயா அப்பத்தா என்றுதானே கேட்கிறாய்?

நீ முதலில் வாசி.